கெரம் பவுடர் போட்ட மண்ணு

அப்ப எங்க மண்ணுல ஒண்ணுமே இல்லங்கிறீங்க? சிங்கு இல்ல. அந்த மத்தது, வாயில நொழையாத பேரு, மங்கனீசோ என்னமோ, அதுவும் பேருக்குத்தான். செம்பும் இல்ல. ஆனா போரோன் மட்டும் கொட்டிக் கெடக்கு. ஹா... ஐயோ, மன்னிச்சுக்கங்க சேர். சிரிக்கப்படாதுதான். அந்தா, பக்கத்து மேசை நோனாம்மா வேற திரும்பிப் பாக்குறாங்க. நீங்க, இது எப்படின்னு எனக்கே வெளங்கல அம்மா, மிசின்ல கோளாறோ தெரியலன்னு தலையச் சொறிஞ்சீங்க பாருங்க, அதுலதான் என்னால அடக்க முடியாமப் போச்சு. மிசினத் திட்டாதீங்க சேர். பாவம், அது உள்ளதத்தான் சொல்லுது. அது கெரம் பவுடர்.

கெரம் சேர், கெரம். பலகையில வட்டக் காய வச்சு சுண்டி வெளையாடுவாங்கல்ல, வழுக்குறதுக்கு மேல வெள்ளையா ஒரு தூள் தூவுவாங்கல்ல, அது. அத நான் மண்ணுல போட்டுட்டேன். எவ்வளவா? டின்னோட.

சிரிங்க, சிரிங்க. ஆபீசருன்னா சிரிக்கப்படாதுன்னு எங்கயும் எழுதி ஒட்டல. பளீல் சேர்தானே நீங்க? வாசல்ல சொன்னாங்க. அக்குறணையா? நெனச்சேன், வாயத் தொறந்ததுமே புடிச்சிட்டேன். நான் பேச்சக் கேட்டே ஊர் சொல்லிருவேன். கதிரைய இப்படி இழுத்துக்கவா? முட்டு ஒரே வலி. கண்டியில எறங்கி அடுத்த பஸ்ஸு, அதுலயும் நின்னுக்கிட்டே வந்தோம். மண்ணுப் பைய குடுத்துட்டுப் போன அன்னைக்கும் இப்படித்தான், எம் பக்கத்துல நின்ன ஒரு கம்பெனி மாத்தயா, சப்பாத்துல மண்ணு கொட்டிருச்சுன்னு ஒரு மொறை மொறைச்சாரு பாருங்க. இப்படி. மூக்கு இவ்வளவு தூரம் மேல போயிருச்சு.

சரி, விசயத்துக்கு வாரேன். அந்தா வாசல் கேட்டுக்கிட்ட நிக்கிறாரு பாருங்க, கொடைய மடக்கிக் கக்கத்துல வச்சிக்கிட்டு, நீலச் சட்டை. அதுதான் எங்க வீட்டுக்காரரு. பழனியாண்டி. கூப்பிடாதீங்க, வரமாட்டாரு. அவரு பஸ் பாத்துக்கிட்டிருக்காரு. நாங்க ஏறுறதுக்கு இல்ல. எந்த பஸ்ஸு வந்து நின்னாலும் யாரு எறங்குறான்னு பாக்கணும் அவருக்கு. பாருங்க, பாருங்க, இப்ப ஒண்ணு வருது, கழுத்து நீளுதா? ம்... போயிருச்சு. இனி அடுத்தது.

நான் உங்ககிட்ட வந்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் சேர். இந்த மண்ணுல எதப் போட்டாலும் நிக்காதுன்னு இப்ப எங்கிட்ட சொன்னீங்கல்ல, அத அந்த மனுசன்கிட்ட வந்து உங்க வாயால ஒருக்கா சொல்லணும். அவ்வளவுதான். நான் சொன்னா எடுபடாது. நீ ஊரையே நடிச்சுக் காட்டுறவ, உன் வாயில வர்றதுல எது நெசம் எது நடிப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்ங்கிறாரு. ஆபீசர் சொன்னா கேப்பாரு. கேட்டுத்தான் ஆகணும்.

என்ன பயிரா? எழுதணுமோ? பயிரு வந்து... இப்போதைக்குப் பயறுன்னு வச்சுக்கங்க. எடமா, எவ்வளவு எடம்னா... அதையும் சொல்றேன் சேர், பேனாவ அப்படியே வைங்க. மொதல்ல பவுடர் கதைய முடிச்சிடுறேன், இல்லாட்டி எனக்குக் கோர்வை விட்டுப் போயிரும்.

எங்க தோட்டத்து டிவிசன் கணக்கப்புள்ள மயில்வாகனம் ஐயா. யாழ்ப்பாணத்து ஆளு. கருகிப்போன செடி ஒண்ண வேரோட புடுங்கி அவருகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். எலையெல்லாம் மஞ்சப் பூத்து, நரம்பு மட்டும் பச்சையா, சிறுத்துப்போய் குருவி நாக்காட்டம் இருந்துச்சு. கண்ணாடியத் தூக்கி நெத்தியில ஏத்திக்கிட்டாரு. கண்ணாடி நெத்தியில, பாக்குறது வெறுங்கண்ணால, அப்புறம் அது எதுக்குன்னு கேக்கப்படாது. ஓம் பிள்ளை, உது மண்ணிண்ட குறை. துத்தநாகம் காணாது. போரனும் காணாதெண்டு நினைக்கிறன். கனக்கப் போடக்கூடாது, ஒரு சிட்டிகை, விளங்கினதோன்னாரு. வெளங்குச்சு ஐயான்னேன். துத்தநாகம்னா சிங்குதான், அது எனக்குத் தெரியும் சேர். கவ்வாத்து வெட்டுன தேயிலை மலை திரும்பத் தழைக்கிறப்ப தண்ணியில கலந்து அடிப்பாங்க. அடிச்சிட்டு வர்ற ஆம்பளைக மூஞ்செல்லாம் வெள்ளையாப் பூத்துப்போய், அந்தக் காலத்து வெள்ளக்காரத் தொரைக மாதிரி லயத்து வீடுகளுக்குள்ள நொழைவானுக. போரோன்தான் நான் கேள்விப்படாதது.

தெல்தெனியக் கடத்தெருவுல மர்சூக் நானாவோட ஒரக்கடை இருக்கு. உங்க ஊரு ஆளுதான், கோவிச்சுக்காதீங்க. வயித்தத் தடவிக்கிட்டேதான் பேசுவாரு. எனத்தியன் அங்கம்மா புள்ளே, காலையிலயே வந்து ஈக்கிறீங்க? போரோனா? அது இப்ப வாரல்ல புள்ளே. வந்தாலும் பெரிய பேக்லதான் வரும், ஒரு சிட்டிகைக்கு நான் எங்க போறது? அப்படின்னுட்டு மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. இந்தா செல்றன், பொடியன்மாரு கெரம் போட்டுக்குப் போடுற பவுடர் ஈக்கித்தானே, அதுவும் இந்த வகச் சாமான்தான், ஆனா பாத்துப் போடுங்கொ, கொஞ்சமாப் போடுங்கொன்னாரு.

கொஞ்சமான்னு அவரு சொன்னது நெசம். அவரக் குத்தம் சொல்லமாட்டேன். எங்காதுல அது ஏறல. கெரம் பவுடர்னு கேட்டதுமே நான் படி எறங்கிட்டேன். ஏன்னா அது எங்கிட்ட இருந்துச்சு.

எங்க மகன் லெட்சுமணனோட டின்னு. சின்ன மஞ்ச டின்னு, மூடியில ஆணியால ஓட்ட போட்டு வச்சிருப்பான். கெரம்ல அவன அடிக்க அந்த மலையில ஆளு கெடயாது சேர். கீழ, பணிய லயத்துக்கிட்ட ஒரு தகரக் கொட்டாய் இருக்கு, பொடியனுக கழகம்னு போர்டெல்லாம் எழுதி மாட்டியிருக்கானுக. ஞாயித்துக்கெழமைன்னா அங்கதான் கெடப்பான். கடைசியா செவப்புக் காய் ஒண்ணு மிச்சம் இருக்கும், எல்லாரும் மூச்ச அடக்கிக்கிட்டு நிப்பானுக, இவன் அடிக்கமாட்டான். எதிராளி எப்படி உக்காந்திருக்கான், எப்படி நகத்தக் கடிக்கிறான், எப்படி எச்சி முழுங்குறான், எல்லாத்தையும் அப்படியே அவனுக்கே செஞ்சு காட்டுவான். சுத்தி நிக்கிறவனுக விழுந்து பொரளுவானுக. எதிராளியும் சிரிப்பான். அந்த நேரம் டொக்குன்னு உள்ள தள்ளிருவான். எங்கிட்டருந்து போன புத்தி, வேறென்ன.

வீட்டுல எனக்கும் அவனுக்கும் போட்டி நடக்கும். தொரை பேசுற மாதிரியே பேசி யாரு நல்லா எடுக்கிறது, தோட்டத்து டொக்டர யாரு நல்லா எடுக்கிறதுன்னு. இந்தா நிக்கிறாரே, இவருதான் நடுவரு. இவருக்குச் சிரிக்கத் தெரியாது சேர். மூக்கால ஒரு காத்து வரும், ஹ்ம்ன்னு. அவ்வளவுதான். அந்தக் காத்த வர வைக்கிறதுக்குத்தான் நானும் அவனும் அந்தப் பாடு படுவோம்.

ஆங், பவுடரு. மண்ணக் கொத்தி, சாம்பல் போட்டு, ஆட்டுப் புழுக்க போட்டு, அதுக்கு மேல டின்னக் கவுத்திட்டேன். தட்டித் தட்டிக் கவுத்தினேன், அடியில ஒட்டியிருந்ததையும் வெரலால வழிச்சு. செடி வந்துச்சு. வந்து, எலை ஓரமெல்லாம் கருகி, பத்த வச்ச பீடி நுனியாட்டம் ஆயிருச்சு. போரோன் இல்லாட்டியும் செடி கெட்டுப்போகும், கூடிட்டாலும் கெட்டுப்போகும்ங்கிறீங்களா? நடுவுல ஒரு மயிரெழை எடந்தான் இருக்கா? என்ன சேர் இது, இவ்வளவு நொட்டம் புடிச்ச சாமானா இருக்கு. ஒரு ஏக்கருக்கே ஒரு உள்ளங்கை ரெண்டு உள்ளங்கை கணக்குன்னா, நான் போட்டது இந்தக் கண்டி டவுனுக்கே காணும். புள்ளைக்குச் சோறு போட்டுப் பழகின கை சேர் இது. சிட்டிகைக் கணக்கெல்லாம் இதுக்கு வராது.

மழையில கரைஞ்சு போயிருமா, போரோன்? ரெண்டு மூணு மழை பெஞ்சா சரியாயிருமா? நல்லது. ஆனா மழைய மட்டும் எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிறாதீங்க. மழைங்கிற பேச்சே அவருகிட்ட வேணாம்.

எடத்தப் பத்தித்தான் கேட்டீங்க. தெல்தெனியாவுக்கு மேல எங்க தோட்டம். ஆக மேல மேட்டு லயம், அதுதான் எங்களுது. லயத்துக்குப் பின்னால மலை. பேப்பர்ல வந்துச்சே சேர், மண்ணு சரிஞ்சதுன்னு. அதேதான். ஆமா, அந்த லயந்தான். இப்ப பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தகரக் குடில் போட்டுக் குடுத்திருக்காங்க, அங்க இருக்கோம். பகல்ல உள்ள இருந்தா அவிஞ்சுருவோம், அப்பளத்த உள்ள வச்சா பொரிஞ்சிரும்.

இல்ல இல்ல, நீங்க அப்படிப் பாக்காதீங்க. எல்லாரும் இந்த மூஞ்சியத்தான் காட்டுறாங்க. வந்த பெரிய மாத்தயா ஒருத்தர், தலைய இப்படி ஒரு பக்கமாச் சாய்ச்சு, கைய இப்படி நெஞ்சுல வச்சு... போட்டோக்காரன் போனதும் தலை நேராயிருச்சு. நான் எங்கண்ணால பாத்தேன்.

நீங்க சொன்னப்பதான் எனக்கு வெளங்குச்சு சேர், ஏன் இந்த மண்ணுல ஒண்ணுமில்லன்னு. மலை அப்படியே உருண்டு வந்துச்சா, மேல கெடந்த கறுப்பு மண்ணு அடிக்குப் போயிருச்சு. அடியில எந்தக் காலத்துலயும் வெயிலே பாக்காத மஞ்ச மண்ணு மேல வந்து உக்காந்துக்கிச்சு. எலை மக்குனதில்ல, வேரு ஓடினதில்ல, புளிப்பு வேற. வெறும் மண்ணு. நல்லதெல்லாம் அடியில கெடக்கு. இதத்தானே சொன்னீங்க? இதையே அவருகிட்ட சொல்லுங்க. இதே சொல்லு. நல்லதெல்லாம் அடியில கெடக்குன்னு.

அன்னைக்கு நாங்க அங்க இல்ல சேர். அதுதான் எல்லாத்துக்கும் வெனை. கண்டி மஹய்யாவயில எந் தங்கச்சி இருக்கா, அவ மகளுக்குச் சடங்கு. நானும் இவரும் மொத நாளே வந்துட்டோம், தாய்மாமன் மொறைக்கு எங்க அண்ணன் கறுப்பையாவும் வந்துட்டாரு. லெச்சுவுக்குக் கண்டியில ஒரு இரும்புக்கடையில வேலை. அன்னைக்கு லீவு போட்டுட்டு, காலையில மொத பஸ்ல வாரேன்னான். போன்ல சொன்னான். மழை அடிக்குதுடா, பாத்து வான்னேன். அதுக்கு அவன், என்னையே மாதிரி, பாத்து வாடா, கொடைய எடுடா, தொப்பியப் போடுடான்னு இழுத்து இழுத்து... நான் சிரிச்சுக்கிட்டே போன வச்சிட்டேன். தெனம் வேலைக்குக் கட்டிக் குடுக்கிற சோத்துப் பொட்டலத்தக்கூட அன்னைக்கு அவனுக்குக் கட்டி வச்சிட்டு வரல. சடங்கு வீட்டுச் சோறு இருக்கேன்னு.

விடியுற நேரம் மலை எறங்கிருச்சு. இவரு அது தெரியாம கண்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாரு, மகனக் கூட்டிக்கிட்டுப் போக. ஒரு பஸ்ஸு வந்துச்சு. அவன் அதுல இல்ல. அடுத்தது வந்துச்சு. அதுலயும் இல்ல. அப்புறந்தான் யாரோ போன் பண்ணினாங்க.

மொத பஸ்ஸு போச்சா போகலயான்னு கேட்டா, போச்சுங்கிறான் ஒருத்தன், பாதியில திரும்பிருச்சுங்கிறான் ஒருத்தன். கண்டக்டரப் போய்ப் புடிச்சோம். ஒரு பொடியன் கோயில் கிட்ட ஏறினான் அம்மே, ஆனா தொப்பி போட்டிருந்தான், மூஞ்சி பாக்கலங்கிறான். லயத்துல இருந்தவங்கள ஒவ்வொருத்தரா எடுத்தாங்க. ஆமிக்காரப் புள்ளைக பாவம், கையாலயே தோண்டுச்சுக. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுப்பேன். ஒவ்வொரு தடவையும், எல்லாரும் என்னத்தான் திரும்பிப் பாப்பாங்க. இல்ல, அவன் இல்ல. அப்புறம் மலை இன்னும் அசையுதுன்னு சொல்லி மிசினெல்லாம் எறக்கிட்டாங்க. மஞ்ச நாடா கட்டிட்டாங்க. எல்லாரும் கெடச்சாங்க சேர். எங்க லெச்சு மட்டும் கெடைக்கல.

அதனாலதான் அவரு பஸ் பாக்குறாரு.

அந்த டின்னா? அது கழகத்துல இருந்ததால தப்பிச்சிச்சு. பொடியனுக கொண்டாந்து எங் கையில குடுத்துட்டு, ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னானுக. அவன் சாமான்னு மிஞ்சினது அதுதான். மத்ததெல்லாம்... சரி விடுங்க.

தண்ணி வேணாம் சேர். நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு வாய் ஓடிக்கிட்டே இருந்தா போதும். வாய் நின்னாத்தான் கஷ்டம்.

ஒண்ணு சொல்லட்டா? ஒரு நா குடிலுக்குள்ள வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தேன். இவரு வெளிய உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டிருக்காரு. நான் என்னமோ நெனப்புல, பழக்கத்துல, அவன் கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டுட்டேன். ப்பான்னு. அவன் ஒரு மாதிரிக் கூப்பிடுவான், முன்னுக்கு எழுத்து வராது, பின்னுக்கு மட்டும் ப்பான்னு. வேணும்னு செய்யல சேர், சத்தியமா. இந்த மனுசன் கதவே இல்லாத குடிலுக்குள்ள ஓடி வந்து, எங்க, எங்கன்னு மூலை மூலையாப் பாக்குறாரு. அடுப்புக்குப் பின்னால பாக்குறாரு. நான் வெங்காயத்தக் கையில வச்சிக்கிட்டு இருக்கேன். அன்னையிலருந்து நான் அவன் குரல மட்டும் எடுக்கிறதில்ல. உங்களக் கேளுங்க, எடுக்கிறேன். அந்த நோனாவக் கேளுங்க, எடுக்கிறேன். அது மட்டும் இல்ல.

என்ன சேர்? ஓ, மொளைச்சது எப்படின்னா? அதத்தானே நான் உங்ககிட்ட கேட்டேன். ஒண்ணுமே இல்லாத மண்ணுல மொதல்ல எப்படிப் பச்சையா மொளைச்சு வந்துச்சுன்னு. வெதைக்குள்ளயே கொஞ்சம் சாப்பாடு இருக்கும், அது தீர்ற வரைக்கும் அது பாட்டுக்கு வளரும், தீர்ந்ததுக்கப்புறம் மண்ணுதான் குடுக்கணும், மண்ணுகிட்ட இல்லன்னா மஞ்சளாகிச் செத்துரும். அப்படித்தானே? அப்ப, அம்மாக்காரி பொட்டலம் கட்டிக் குடுத்து அனுப்புற மாதிரி.

ம்.

இல்ல, சும்மா. நல்லாத்தான் சொன்னீங்க.

இப்ப சொல்லிருறேன், நீங்க பேனாவப் புடிச்சிக்கிட்டே இருக்கீங்க. எங்க அண்ணன் கறுப்பையா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, மச்சான், பால் ஊத்தணும், புள்ள அலையக்கூடாதுன்னாரு. இவரு குதிச்சாரு. ஆளே கெடைக்கல, எவனுக்குப் பால், உசுரோட இருக்கிறவனுக்கு எவன்டா பால் ஊத்துவான்னு அடிக்கப் போயிட்டாரு. சொந்தக்காரங்க எல்லாம் கூடிப் பேசினாங்க. கடைசியில இவரே ஒரு வார்த்தை விட்டாரு. சரி, குழி மேல எல்லாருக்கும் செய்ற மாதிரி அந்தச் சரிஞ்ச மண்ணு மேல வெதைய மட்டும் தூவுங்க. எம் மகன் அந்த மண்ணுக்குள்ள இருந்தான்னா அது செழிச்சு நிக்கும். நின்னுச்சுன்னா நான் தலைய மொட்டையடிச்சு, பால ஊத்திட்டு, வாய மூடிக்கிறேன். நிக்கலன்னா அவன் அங்க இல்ல, அப்புறம் ஒரு பய வாயத் தொறக்கக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நானும் ஒத்துக்கிட்டேன். எங்க சனங்களுக்கு அது பெரிய விசயம் சேர். குழி மேல போட்டது நல்லா தழைச்சா, போனவங்க மனசு ஆறிட்டாங்கன்னு அர்த்தம். கருகுச்சுன்னா அந்தக் குடும்பமே தூங்காது.

தூவினோம். பச்சைப் பசேல்னு வந்துச்சு. நான் ஒரு பக்கம் போய் அழுதேன். அப்புறம் நீங்க சொன்ன மாதிரியே பொட்டலம் தீர்ந்து போச்சு. மஞ்சளாகி, அப்படியே படுத்துருச்சு. இவரு அத ஒரு புடி புடுங்கிக்கிட்டு ஓடி வர்றாரு, பூச்செண்டு மாதிரி கையில வச்சிக்கிட்டு. அங்கம்மா, பாத்தியா, பாத்தியா, அவன் அங்க இல்லடின்னு. அன்னைக்குத்தான் மனுசன் வயிறு நெறையச் சோறு தின்னாரு. நானும் தின்னேன் சேர். பொய் சொல்லமாட்டேன், எனக்கும் அன்னைக்குச் சோறு எறங்குச்சு.

ஆனா அதுலருந்து இவரு வேலைக்குப் போறதில்ல. காலையில தெல்தெனிய ஸ்டாண்டு, அப்புறம் கண்டி, அப்புறம் மஹய்யாவ. தொப்பி போட்ட பொடியனுக பின்னாடியெல்லாம் போறாரு. ஒரு பய தள்ளி விட்டு, முழங்கை கிழிஞ்சு வந்தாரு. இருமுறாரு, ராத்திரி பகல்னு இல்ல. பாருங்க அந்தச் சட்டைய, கழுத்துக்கிட்ட இன்னொரு ஆளு நொழையலாம். புள்ளையத்தான் மண்ணு எடுத்துக்கிச்சு. இவர பஸ் ஸ்டாண்டு எடுத்துக்கப் போவுது. அதனாலதான் நான் யாருக்கும் தெரியாம திருப்பித் தூவினேன். சாம்பல், புழுக்க, பவுடரு, எல்லாம் அதுக்குத்தான். எப்படியாச்சும் நின்னுருச்சுன்னா இவரு ஒரு எடத்துல உக்காந்து அழுதுருவாருல்ல? அது இன்னும் மோசமாக் கருகுச்சு. இவரு இன்னும் சந்தோசமாயிட்டாரு.

இன்னைக்கு எதுக்கு வந்தோம்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட வந்தாரு. மண்ணு நல்ல மண்ணுன்னு ஆபீசர் சொல்லுவாரு பாரு, அப்ப என்னடி சொல்லுவன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு பஸ்ஸுல. மண்ணு நல்லதா இருந்தா, அவன் அங்க இல்லங்கிறதத் தவிர கருகுனதுக்கு வேற காரணமே இல்லல்ல. நீங்க ஒண்ணுமே இல்லன்னதும் நான் சிரிச்சேன்ல, அது பவுடருக்காக மட்டும் இல்ல சேர். நானும் வர்ற வழியெல்லாம் நல்ல மண்ணுன்னு சொல்லிரணும், நல்ல மண்ணுன்னு சொல்லிரணும்னுதான் மாரியாத்தாளக் கும்புட்டுக்கிட்டு வந்தேன்.

மிசினத் திட்டாதீங்கன்னு நான்தான் சொன்னேன், இப்ப நானே கேக்குறேன். அது எப்பவாச்சும் தப்பு விடுமா?

விடாதா. சரி.

வாங்க சேர். மெதுவாச் சொல்லுங்க அவருகிட்ட. உங்க மண்ணுல கோளாறு ஐயா, எந்தத் தெய்வம் தூவினாலும் நிக்காதுன்னு சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னுக்கிறேன், விழுந்தா புடிச்சிக்கிறதுக்கு. அப்புறம் நீங்க சொன்னீங்களே, மொதல்ல புளிப்பு போக டொலமைட்டு, அப்புறம் மாட்டெரு, கடைசியில கொஞ்சூண்டு சிங்குன்னு, அத ஒரு துண்டுல எழுதிக் குடுங்க, மர்சூக் நானாகிட்ட வாங்கிக்கிறேன். இந்தத் தடவை சிட்டிகைன்னா சிட்டிகைதான் போடுவேன்.

என்ன பயிருன்னு கேட்டீங்களே, நவதானியம்னு எழுதிக்கங்க. எடம் எவ்வளவுன்னும் கேட்டீங்க. அவன் எந்த எடத்துல படுத்திருக்கான்னு தெரியலையே சேர், முழு மலைக்கும் சேத்துக் கணக்குப் போட்டுருங்க.